தெய்வங்கள் ஊரில் இல்லாத வாரம்

ஜனவரி 12, திங்கள்

அதிகாலை ஜெபம் முடிந்து சந்தைக்குப் போனேன். முள்ளங்கி இரண்டு, டோஃபு ஒன்று, கானாங்கெளுத்தி ஒன்று: 11,400 வொன். மீன் விலை இறங்கியிருக்கிறது, ஸ்தோத்திரம்.

என் வீட்டுக்காரர் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். ஹைட்ரஜன் வண்டியை இன்றைக்கும் பேருந்து நிரப்பு நிலையம்வரை கொண்டுபோக முடியவில்லை. கோ அத்தையின் ஆரஞ்சுத் தோட்டத்து மூலையில் வண்டி திரும்பமாட்டேன் என்கிறது. பதினாறு மீட்டர் நீளம். அந்தக் கற்சுவர் இரண்டு மீட்டர் உள்ளே தள்ளிப்போனால்தான் திரும்பும். பள்ளிக்கூடத்துச் சாலையில் இந்த வண்டிக்கு அனுமதி இல்லை.

"நீளமா பொறந்தது வண்டியோட தப்பாங்க?" என்றேன். சிரிக்கவில்லை. அப்புறம்தான் சொன்னார். பிப்ரவரி பத்துக்குள் வழி திறக்காவிட்டால் வண்டியையும் ஓட்டுநரையும் உல்சானுக்கு அனுப்பிவிடுவார்களாம். கடல் தாண்டி. மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரலாமாம்.

மாதம் ஒருமுறையா? மகள் சான்மி வேறு சியோலில் படிக்கிறாள். நான் யாருக்குச் சமைப்பது, சுவருக்கா?

ஜனவரி 14, புதன்

கோ அத்தை நல்லவள். சுவரை நகர்த்திக்கொள்ளுங்கள், காசே வேண்டாம் என்றாள். ஒரே நிபந்தனை: தெய்வங்கள் ஊரில் இல்லாத வாரத்தில்தான் கல்லில் கை வைக்க வேண்டும். இந்த வருஷம் 25 முதல் 1 வரை. பழைய தெய்வங்கள் கணக்கு ஒப்படைக்க மேலே போய், புதுசாக மாற்றலாகி வருகிறவர்கள் பொறுப்பேற்பதற்குள். எங்கள் ஜேஜு தீவில் பாதிப் பேர் அந்த வாரத்தில்தான் வீடு மாறுவார்கள், கழிப்பறை ஓட்டையை அடைப்பார்கள்.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். வந்தேனா?

"அத்தை, தெய்வம் ஒண்ணுதான். அவர் லீவே போடறதில்ல."

"அப்படியா? அப்ப அந்த லீவு போடாதவர்கிட்டயே போய்ச் சொல்லு, சுவரை அவரே நகர்த்தட்டும்."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜனவரி 15

கர்த்தாவே, இந்த வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஜனவரி 19, திங்கள்

பூசணிக் கஞ்சி கிளறி எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். என் விசுவாசத்துக்காக இல்லை, என் திமிருக்காக. அந்த வித்தியாசம் அவளுக்கும் புரிந்தது என்று நினைக்கிறேன். கஞ்சியைச் சாப்பிட்டுக்கொண்டே, "உன் வீட்டுக்காரன் அதுல என்னதான் ஏத்திக்கிட்டுப் போறான்?" என்றாள்.

அவருடைய பயிற்சிப் புத்தகத்தை அவர் தூங்கும்போது நான்தான் முழுசாகப் படித்தேன். அதனால் சொன்னேன். காற்று அதிகமாக அடிக்கிற நாளில் கரண்டு மிஞ்சிப்போகும் என்று காற்றாலையைச் சும்மா நிறுத்திவைக்கிறார்கள். அந்த மிச்சத்தை வீணாக்காமல் மின்சாரமாக்கி, அதை வைத்துத் தண்ணீரைப் பிரித்தால் ஹைட்ரஜன். குழாய்களில் அழுத்தி அடைத்து, கொண்டுபோய்ப் பேருந்துக்குப் போடுவது. மீந்த சோற்றைப் பழையதாக்கி எடுத்து வைக்கிற மாதிரிதான்.

"எவ்வளவு ஏத்துவான்?"

"முன்னூறு கிலோ."

"அவ்வளவு பெரிய வண்டியிலயா?"

"வண்டியே நாப்பது டன் அத்தை. மீதியெல்லாம் இரும்பு."

அத்தைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "என் ஓட்டை வண்டியில அதைவிட அதிகமா ஆரஞ்சு ஏத்துவேன்டி." எனக்கும் அந்தக் கணக்கு உறுத்தத்தான் செய்கிறது. அடுத்த வருஷம் லேசான குழாய் வருமாம்.

எப்படியோ, சரி என்றுவிட்டாள். ஆனால் அந்த வாரத்துக்குள் முடிக்க வேண்டும், அடுத்த நாள் ஒரு கல்லைக்கூடத் தொடக்கூடாது.

ஜனவரி 23, வெள்ளி

மண் அள்ளும் இயந்திரம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஊரே வீடு மாறுகிற வாரம், யாரிடம் இருக்கும்? சியோலிலிருந்து வந்த கம்பெனி மேலாளர் சோ, "மார்ச்ல பண்ணிக்கலாமே" என்றாராம். மார்ச்சில் என் வீட்டுக்காரர் உல்சானில் இருப்பார், ஐயா.

சபை மூப்பரின் மருமகன் 29ஆம் தேதி இயந்திரத்தோடு வருவதாக ஒத்துக்கொண்டான்.

ஜனவரி 29

பனிப்புயல். இயந்திரம் வரவில்லை.

ஜனவரி 30

பனி. காற்று. காற்றாலைக்குக் கொண்டாட்டம்.

ஜனவரி 31, சனி

சாயங்காலம்தான் வானம் தெளிந்தது. இயந்திரக்காரன் வேறு இடத்துக்குப் போய்விட்டான். மீதி இருப்பது நாளை ஒருநாள். நாளை ஞாயிறு.

கல்யாணமான நாளிலிருந்து ஓய்வுநாளில் ஊசியில் நூல்கூடக் கோர்த்ததில்லை நான். அத்தையின் தெய்வங்கள் திரும்பி வருவதற்குள் என் தெய்வத்தின் நாளை மீறுவதா? இல்லை, அவரைக் கப்பலேற்றிவிட்டு நிம்மதியாக ஜெபம் பண்ணுவதா? அவரிடம் கேட்டேன். "நீ சொல்றபடி" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். பெட்டி எடுத்து வைத்துவிட்டார் என்பதை அலமாரியைத் திறந்தபோது பார்த்தேன். நல்ல உள்பனியன்கள் எல்லாம் அதில்.

நாளை கல் எடுக்கப் போவது என்று முடிவு.

பிப்ரவரி 1, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். போதகர் யாங் வாசலில் பிடித்துக்கொண்டார். "சாப்பாட்டுக்குக்கூட நிக்காம எங்கம்மா?" எல்லார் முன்னாலும் உள்ளதைச் சொன்னேன். மூப்பரின் முகம் கடுகடுத்தது.

போதகர் அங்கியைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "ஞாயித்துக்கிழமைதான் எனக்கு நெறைய வேலை. அதையே கர்த்தர் இத்தனை வருஷமா பொறுத்துக்கிட்டிருக்கார். ஆரஞ்சு பறிக்கிற கையுறை எத்தனை ஜோடி இருக்கு?"

பாடகர் குழு பாதி வந்தது. மூப்பர் வரவில்லை, ஆனால் அவர் மனைவி வந்தாள். சாந்து பூசாத சுவர், ஒவ்வொரு கல்லாகக் கையில் எடுத்துக் கொடுத்தோம். கறுப்புக் கல், ஐஸ் மாதிரி. தள்ளி அடுக்கும்போது ஓட்டை தெரியாமல் பொடிக்கல்லை அழகாகத் திணித்துவிட்டோம். அத்தை வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"காத்து போக வழி விடாம அடைச்சா மொத நாளே விழுந்துடும். உங்க சபையில யாருமே தோட்டம் பாத்ததில்லையா?" திணித்ததை எல்லாம் பிடுங்கினோம்.

அப்புறம் அவளும் கையுறை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். "இன்னிக்கு உன் ஆளு மேலேருந்து பாத்துக்கிட்டு இருப்பாரே. பயமா இல்ல?"

"இருக்கு அத்தை. உங்க ஆளுங்களாவது ஊர்ல இல்ல. எனக்கு அந்த வசதி கிடையாது."

கல்லை வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இருட்டுவதற்குள் முடிந்தது. கை இரண்டும் கொப்புளம். கர்த்தரிடம் கணக்குச் சொல்லிவிட்டேன்; கோபம் ஒன்றும் தெரியவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

கானாங்கெளுத்தி இரண்டு, 9,000.

வண்டி காலை பத்து மணிக்கு மூலைக்கு வந்தது. நானும் அத்தையும் எதிர்ப்பக்கம் நின்றோம். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை, கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பக்கம் போய்விட்டது. குழாய்கள் போய்க்கொண்டே இருந்தன, போய்க்கொண்டே இருந்தன. கடைசிச் சக்கரம் சுவரை ஒரு சாண் விட்டுத் தாண்டியது. அத்தை என் கையை நசுக்கியே விட்டாள், கொப்புளத்தோடு.

ராத்திரி சாப்பிட வந்தார். கை கழுவாமல் உட்கார்ந்தார். திட்டினேன். நாளைக்கும் திட்டலாம்.