காற்றாலைக்குக் கடல் அளந்த நாள்

மதினி,

இன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறியபோது, என் பக்கத்து இருக்கையில் ஒரு பெண் நெத்திலிக் கருவாட்டு மூட்டையோடு வந்து உட்கார்ந்தாள். கண்டக்டர் முகத்தைச் சுளித்தார். நான் நகர்ந்து மூட்டைக்கு இடம் கொடுத்தேன். நீங்கள் பிறந்த ஊர் போய்த் திரும்பும் நாளெல்லாம் ராஜபாளையத்தில் நம் தெரு முழுக்க இந்த வாடைதான்.

தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து பஞ்சாலைக்கு வேலைக்கு வந்து, அங்கே ஃபிட்டராக இருந்த என் அண்ணனைக் கட்டிக்கொண்டவர் நீங்கள். நான் கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் முடித்து, கடலில் காற்றாலை நட இடம் பார்க்கும் கம்பெனியில் சேர்ந்தபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நீங்கள் மட்டும், "எந்தக் கடல்ல?" என்று கேட்டீர்கள். உங்கள் ஊர்க் கடல்தான் என்றேன். நீங்கள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டீர்கள்.

அங்கே நாங்கள் கடலடியை அளக்கப் போன நாளில், எங்கள் படகு இழுத்துப்போன கேபிளில் உங்கள் ஊர்க்காரர்களின் வலைகள் சிக்கி அறுந்தன. கரை திரும்பிய எங்களை ஊரே சூழ்ந்துகொண்டது. படகுச் சாவியைப் பிடுங்கி, என்னையும் படகோட்டியையும் மீன் ஏலக்கூடத்தில் உட்காரவைத்தார்கள். முன்னால் நின்றவர் உங்கள் தம்பி அந்தோணி. என்னைத் தெரிந்ததாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

"உங்க அக்கா வேலை பாக்குற மில்லே காத்தாலைக் கரண்டுலதான் ஓடுது. இங்க வந்தா ஊர்ப் பிள்ளைகளுக்கும் வேலை கிடைக்கும்" என்றேன்.

"அந்தக் காத்தாடி தரையில நிக்குது. கடல்ல நட்டா நாங்க எங்கன வலை போட?"

யாரோ அறுந்த வலையை என் காலடியில் வீசினார்கள். அப்போதுதான் பயம் வந்தது.

அந்தோணியே உங்களுக்கு போன் செய்திருக்கிறார். ஆலைச் சீருடைகூட மாற்றாமல் பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தீர்கள். என்னைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறீர்கள் என்று எழுந்தேன்.

"இரு" என்றுவிட்டுத் தம்பியிடம் திரும்பினீர்கள். "ஏலே, அவ மேல யார் கையாவது பட்டா பொறவு நான் இந்த ஊருக்கு வர மாட்டேன். ஆனா பதில் வராம அவள விடவும் வேண்டாம்."

பிறகு என் எதிரில் தரையில் உட்கார்ந்தீர்கள். "அறுந்த வலைக்கு யார் பொறுப்பு? இறால் சீசன்ல அளக்காம இருப்பீயளா? காத்தாடி நட்ட பொறவு அதுக்கு ஊடால படகு போகலாமா, கூடாதா?"

"எனக்குத் தெரியாது மதினி."

"அப்ப தெரிஞ்சவியள வரச் சொல்லு. அதுவரைக்கும் எங்க வீட்டுல இரு."

உங்கள் அம்மா வீட்டு வாசலில் ஆட்கள் நின்றார்கள். நீங்கள் சோறு போட்டீர்கள். என் பக்கத்தை விட்டு நீங்கள் நகரவும் இல்லை. காவலா, துணையா என்று புரியாமல் உங்கள் மேல் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் மேலதிகாரி வந்தார். நெடுநேரம் கூச்சல். கடைசியில் அறுந்த வலைகளுக்கு ஈடு தருவதாகவும் இறால் சீசனில் அளப்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டார். அளக்கும் படகுக்குக் காவலாக ஊர்ப் படகுகளையே வாடகைக்கு எடுத்தார்கள். மீன் படாத நாட்களில் அந்தோணி வீட்டு அடுப்பு அந்த வாடகையில்தான் எரிந்தது. ஆனால் சொந்தப் படகில்லாமல் கரைவலை இழுப்பவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. காற்றாலைகளுக்கு நடுவே படகு போக வழி உண்டா என்ற கேள்வியும் அப்படியே நின்றது.

திரும்பும் பஸ்ஸில் நான் உங்கள் முகத்தையே பார்க்கவில்லை. கோவில்பட்டி தாண்டியதும் நீங்களாகச் சொன்னீர்கள்: "அன்னைக்கே உன்னையக் கூட்டிட்டு வந்திருந்தா, அடுத்த தடவ நீ அந்தக் கரையில கால் வைக்க முடியாது."

போன ஆண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் குரல் கம்மிப்போன பிறகும், "படகு வழி என்னாச்சு?" என்றுதான் கேட்டீர்கள்.

அடுத்த வாரம் அங்கே மறுபடியும் கூட்டம். எந்த இடத்தில் நடுவது என்று முடிவு செய்யப் போகிறார்கள். நேற்று அந்தோணி போன் செய்தார்.

"வாரீயளா?"

"வாரேன்."

"இப்பம் அக்கா இல்ல. பாத்து வாங்க."

அது அக்கறையா எச்சரிக்கையா, எனக்குத் தெரியவில்லை. வேலைவாய்ப்பைப் பற்றி முதலில் பேசு, மற்றதைத் தொடாதே என்று மேலதிகாரி சொல்லியிருக்கிறார். நான் படகு வழியைத்தான் முதலில் கேட்கப் போகிறேன். ஊர் முன்னால், அந்த மேலதிகாரியிடமே. பதில் வரும்வரை அந்த ஏலக்கூடத்துத் தரையை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை.