என் நிலத்தைப் பாறை என்றார்கள்

மார்ச் 6

சமுதாயக் கூடத்தில் கூட்டம். தரை முழுக்க வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். மழைத் தண்ணீர் மலையிலிருந்து எப்படி இறங்குகிறது, எங்கே மண்ணை அரித்துக்கொண்டு போகிறது என்று ஊர்க்காரர்களே வரைய வேண்டுமாம். அரிக்கிற நிலத்துக்குச் சிவப்பு. அங்கே எல்லோரும் சேர்ந்து மண்ணைத் தடுக்கக் கல்வரப்பு கட்டுவார்கள். பாறைக்குப் பழுப்பு, அங்கே வேலை கிடையாது. "இது உங்க வரைபடம். நீங்க சொல்றதுதான் முடிவு" என்றார் மண்வள அதிகாரி. கேட்கக் குளிர்ச்சியாக இருந்தது.

என் மேட்டு நிலத்துக்குப் பழுப்பு அடித்துவிட்டார்கள்.

பாறையாம். போன வருஷம் மக்காச்சோளம் விளைந்த நிலம். மண் போனதால்தானே கல் தெரிகிறது? போன மண் ஆகாயத்துக்கா போனது? நேராகக் கீழே இறங்கி என் தங்கை வீட்டு வயலில் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. வருஷா வருஷம் சும்மா வருகிற புது மண்ணைத் தடுக்க அவர்களுக்குப் பைத்தியமா? கீழ்வயல்காரர்கள் ஊரில் பாதி. மேட்டில் நாங்கள் மூன்று வீடு.

பழுப்புத் தூரிகையைப் பிடித்தது யார்? என் கூடப் பிறந்தவள். பின்னால் அவள் புருஷன் — கூட்டம் என்றால் மைக்கை விடமாட்டான், அதனால் ஊரில் அவனுக்கு மைக்கு என்றே பெயர் — "அங்க பாறைதானே, நல்லா அடி" என்கிறான். அவள் அடித்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மார்ச் 7

பாறையாம்! வேறொன்றும் எழுத வரவில்லை.

மார்ச் 9

அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். ஒரு தடவை வந்து நிலத்தைப் பாருங்கள் என்றேன். "இது மக்கள் பங்கேற்பும்மா. நான் தலையிட்டா நல்லா இருக்காது" என்றார். அப்போ நான் யாரு? மக்கள் கணக்குல வர மாட்டேனா? கேட்டேவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு, "எல்லாரும் சுத்திப் பாக்குற அன்னிக்கு உங்க ஆட்சேபணையைச் சொல்லுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தால் இவர் ஒரு பக்கம். "விடு, சொந்தத்துக்குள்ள எதுக்கு வம்பு?"

"மண்ணு போயிடுச்சுன்னா சொந்தத்தையா விதைப்பீங்க?" என்றேன். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். அவர் பங்கையும் நானே சாப்பிட்டேன். கோபத்தில் பசி கூடத்தான் செய்கிறது.

மார்ச் 15

மழைக்கு அதிக நாள் இல்லை. மேட்டு நிலத்தில் குச்சியால் குத்திப் பார்த்தேன். பல இடத்தில் ஒரு சாண்கூட இறங்கவில்லை. இந்த மழையிலும் மண் போய்விட்டால் அவர்கள் சொன்னது நிஜமாகிவிடும்.

மார்ச் 19

சந்தையில் எதிரே வந்தாள். "அக்கா" என்றாள். காது கேட்காத மாதிரி நடந்தேன். கூப்பிட மட்டும் வாய் வருகிறது.

மார்ச் 27

இன்று எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். என் நிலத்தில் மைக்கு கல்லைக் காலால் தட்டி, "பாருங்க சார், பாறை" என்றான். சரி, கீழே உங்கள் வயலையும் பார்ப்போம் வாருங்கள் என்றேன். வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். மனதில் ஒரு திட்டமும் இல்லை.

அங்கே மோட்டார் கொட்டகைக்குத் தூண் நட அவர்களே தோண்டிய குழி. எட்டிப் பார்த்தால் இடுப்பளவு செம்மண், அதற்குக் கீழே கறுப்பு மண். எங்கள் பக்கத்தில் செம்மண் மேட்டில்தான். பள்ளம் முழுக்கக் கறுப்பு. சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"இந்தச் சிவப்பு எப்பவுமே இங்க இருந்ததா?" என்று அதிகாரி கேட்டார்.

"எங்க தாத்தா காலத்துலேருந்து சார்." கூசாமல் சொன்னான் மைக்கு. மற்றவர்கள் தங்கள் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இல்ல சார்." என் தங்கை. "நான் கல்யாணமாகி வந்தப்போ இங்க மேல்மண்ணும் கறுப்பாத்தான் இருந்துச்சு. இது எங்க அக்கா நிலத்து மண்ணு."

அவள் மாமியார் "வீட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்றாள். சத்தமே போடாமல்.

வரைபடத்தில் என் நிலத்துப் பழுப்பின் மேல் சிவப்பு அடித்தார்கள். அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் — அன்றைக்கே சொல்வதற்கென்ன?

ஏப்ரல் 10

கல்வரப்பு முடிந்தது. கீழ்வயல்காரர்கள் முறைத்துக்கொண்டே கல் சுமந்தார்கள். மைக்கு வரவில்லை. தங்கையும் வரவில்லை, உடம்பு சரியில்லையாம். யார் நம்புவது? இவர்தான் எல்லோரையும்விட அதிகம் தூக்கினார். இன்று அவருக்கு முதலில் பரிமாறினேன்.

ஏப்ரல் 21

மத்தியானம் முதல் மழை, கொட்டித் தீர்த்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். வரப்புக்குப் பின்னால் மண் அப்படியே படிந்து நிற்கிறது. தண்ணீர் மட்டும் தெளிந்து கீழே போகிறது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் தங்கை, தொப்பலாக நனைந்து. "அக்கா வீட்டுக்குத்தானே பரிஞ்சு பேசினே, அங்கயே போய் இரு" என்றாளாம் மாமியார். மைக்கு பக்கத்தில்தான் நின்றானாம். ஊருக்கெல்லாம் பேசுகிறவனுக்கு அப்போது மட்டும் பேச்சு வரவில்லையாம்.

இத்தனை வருஷமா என் மண்ணை வச்சுக்கத் தெரிஞ்சுது. என் தங்கச்சியை வச்சுக்கத் தெரியலையா இவங்களுக்கு? நாளைக்கே போய்க் கேட்கிறேன்.

இவர் அவள் பையை வாங்கி உள்ளே வைத்தார். நான் தலையைத் துவட்டிவிட்டேன்.

"மண்ணு நின்னுச்சாக்கா?"

"நின்னுச்சு."

மாற்றுத் துணி எடுக்கப் பையைத் திறந்தேன். அவளுடைய துணி எல்லாமே அதில் இருந்தது.