தெரியும் என்று சொன்னீர்

இன்று காலை வெள்ளைச் சேலை ஒன்று தேடி அலுமாரியின் அடித்தட்டைத் திறந்தேன். பூச்சி உருண்டை மணத்தோடு முதலில் கைக்கு வந்தது உம்முடைய பொன்னாடை. சரிகை கறுத்துவிட்டது. விழாக்காரர் மொத்தமாக வாங்கி வைக்கும் மலிவான சரிகை. "பெட்டியில இடமில்லை, நீர் வைச்சிரும்" என்று கதிரையின் முதுகில் அதைப் போட்டுவிட்டு ஹீத்ரோவுக்குப் புறப்பட்டீர். நான்தான் மடித்து வைத்தேன். கழற்றியதைக் கழற்றிய இடத்தில் விட்டுப் போகும் பழக்கம் உமக்கு நாங்கள் படித்த கொன்வென்ட் விடுதியிலேயே இருந்தது. சிஸ்டர்மார் எவ்வளவு தண்டித்தும் போகவில்லை.

என் கணவர் காலமான செய்தி கேட்டு அந்தக் கோடையில் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தீர். உம்முடைய தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கே மாநில உச்ச நீதிமன்றத்து ஆசனத்துக்கும் சனம் வாக்குப் போடவேண்டும் என்று நீர் சொன்னபோது நான் முகம் சுளித்தேன். எங்கள் ஊரில் நீதவான் கல்யாண வீட்டுக்கும் போகமாட்டார். பந்தியில் பக்கத்தில் இருந்தவன் மறுநாள் வழக்காளியாக வந்து நிற்பான் என்ற பயம். என் கணவர் வாழ்நாள் முழுவதும் சட்டத்தரணியாக இருந்தும் ஒரு நீதவானைத் தேநீருக்கு அழைத்ததில்லை. நீரோ படம் போட்ட நோட்டீசை எனக்கே காட்டினீர்.

"எனக்கும் விருப்பமில்லை. ஆனா அந்த ஆசனத்துக்கு வேற வாசல் இல்லை" என்றீர்.

ஏன் அந்த ஆசனம் வேண்டும் என்பதையும் சொன்னீர். கீழ் நீதிமன்றத்தில் சட்டம் எழுதிவைத்த தண்டனையை வாசிப்பதுதான் உம்முடைய வேலை. மீசை அரும்பாத பிள்ளைகளுக்கு ஆயுள் முழுவதும் சிறை என்று வாசித்திருக்கிறீர். மேலே போனால் அந்தச் சட்டத்தையே எடுத்துப் பார்க்கலாம். "ஒண்டிரண்டையாவது திருத்திப்போட்டுச் சாகவேணும்" என்றீர். அதற்குப் பிறகு நான் முகம் சுளிக்கவில்லை.

லண்டன் கிங்ஸ்பரியில் ஒரு வீட்டில் தமிழ் நீதிபதி வந்து நிற்கிறார் என்றால் செய்தி பரவாமல் இருக்குமா? எங்கள் ஆட்களின் விழா ஒன்றின் செயலாளர் இனிப்புப் பெட்டியோடு வந்துவிட்டார். நீதிபதி மேடை ஏறுகிற ஆள் இல்லைத் தம்பி என்று நான் வாசலிலேயே சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு, "அப்ப அங்க ஏன் அக்கா நீதவான்மார் நோட்டிஸ் ஒட்டி வோட்டுக் கேக்கினம்?" என்றார். நீர் அவரைவிடப் பெரிதாகச் சிரித்தீர். பத்து நிமிடம் இருந்தால் போதும் என்றார். போவதாகச் சொன்னீர். வேண்டாம் என்று நான் சொன்னதைக் கேட்கவில்லை.

எங்கள் விழாக்கள் எப்படித் தொடங்கும் என்பது உமக்குத் தெரியாது. நீண்ட காலம் தமிழர் இல்லாத ஊரில் இருந்தவர் நீர். முதலில் இறந்தவர்களுக்குச் சுடர் ஏற்றவேண்டும்; மேடையில் பெரியவர் யாரோ அவரையே அழைப்பார்கள். யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரிந்த வழக்கத்தை யார் போய்ச் சொல்வது? ஒலிவாங்கியில் உம்முடைய பெயரைச் சொன்னார்கள். எழுந்தீர்.

மேசையில் படங்கள் வரிசையாக இருந்தன. செல் குண்டு விழுந்து செத்த தாய்மார், குழந்தைகள். கடைசி வரிசையில் சீருடையில் சில பிள்ளைகள். மற்றவர்கள் சுடரை மட்டும் பார்த்து ஏற்றிவிட்டு வருவார்கள். நீர் மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தீர். மண்டபம் இருமியது. செயலாளர் லைட்டரை நீட்டிக்கொண்டே நின்றார். சீருடை போட்ட ஒரு பிள்ளையின் படத்தின் முன் நின்றுவிட்டீர்.

முன்வரிசையிலிருந்து எனக்கும் அடையாளம் தெரிந்தது. பத்மாவின் மகன். பள்ளியில் உமக்கும் எனக்கும் நடுவில் ஒரே வாங்கில் இருந்த பத்மா, ஜெர்மனியிலிருந்து மாறி வந்து பிளேஸ்டோவில் குடியிருந்தாள். அன்று அவளும் மண்டபத்தின் பின்பக்கம் எங்கோ இருந்தாள். அவள் வெளிநாடு போனபோது மகனைத் தன் தாயின் வீட்டில் விட்டுவிட்டுப் போனவள். பிறகு தன்னிடம் எடுப்பிக்கலாம் என்ற எண்ணம். அவன் அதற்குள் இயக்கத்துக்குப் போய்விட்டான். அவளுக்கு உடல்கூடக் கிடைக்கவில்லை.

நீர் சுடரை ஏற்றினீர். யாரோ படம் எடுத்தார்கள். பிறகு இந்தப் பொன்னாடையைப் போர்த்தினார்கள்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், அந்தப் பிள்ளையைத் தெரிந்ததா என்று.

"ஓம். பத்மாவின்ர மூக்கெல்லே" என்றீர்.

விழாப் படம் இணையத்தில் ஏறியது. அது கடலைக் கடந்து உம்முடைய எதிராளியின் நோட்டீசில் வந்து நின்றது. உம்முடைய கை, கையில் நெருப்பு, பின்னால், அங்கே தடைசெய்த இயக்கத்தின் சீருடையில் இருந்த அந்தப் பிள்ளையின் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். இந்த நீதிபதி யாருக்காக அழுகிறார் என்று கீழே கேட்டிருந்தார்கள்.

உம்முடைய ஆலோசகர் வழி கண்டுபிடித்தார். படங்களில் இருப்பவர்கள் யார் என்று தெரியாமல் ஏற்றினேன் என்று ஒரு வசனம் சொன்னால் போதும். விருந்தாளி, அந்நிய ஊர், நெரிசல், யாரும் நம்புவார்கள். எனக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டீர். சொல்லிவிடும் என்றேன். நீர் சொன்ன அந்த மீசை அரும்பாத பிள்ளைகளை நினைத்துத்தான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

"நான் பாத்துப்போட்டெல்லோ ஏத்தினனான்" என்றீர்.

"நீர் பாத்ததை ஆர் பாத்தது?"

தொலைபேசியை வைத்துவிட்டீர்.

மறுநாள் நிருபர்கள் முன்னால் நீர் சொன்னதைப் பிறகு வாசித்தேன். அந்த இயக்கத்தின் வழியை ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. ஆனால் அந்தப் பிள்ளை என் பள்ளித் தோழியின் மகன், எனக்கு அவனைத் தெரியும், தெரிந்துதான் ஏற்றினேன். முதல் பாதியை எந்தப் பத்திரிகையும் பெரிய எழுத்தில் போடவில்லை. மோசமாகத் தோற்றீர். உம்மோடு நின்று படம் எடுத்துக்கொண்ட எங்கள் ஆட்களும் இங்கே உம்முடைய பெயரை எடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

கடைசியாக வந்தபோது தலையில் துணி கட்டியிருந்தீர். வைத்தியத்தில் முடி போய்விட்டது. என் அடுப்படியில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தீர், வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல். தோற்றது வலிக்கவில்லையா என்று கேட்டேன்.

"வலிக்காமல்? நெடுக வலிக்குது" என்றீர். பிறகு கத்தியை வைத்தீர். "அவளின்ர பிள்ளையை எனக்குத் தெரியாதெண்டு நான் சொல்ல, அதை அவள் வாசிக்கிறதோ? அவனைத் தெரியாதெண்டு சொல்லச் சொந்தக்காரரே போதும்."

அது உண்மை. விசாவுக்குப் பயந்து பத்மாவின் தமையன்மார்கூட அந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றியிருந்தார்கள்.

"நான் தண்டனை வாசிச்ச ஒவ்வொரு நாளும் கோர்ட்டில பின் வாங்கில ஒரு தாய் இருந்தவள்" என்றீர்.

"அந்தத் தாய்மாருக்குத்தானே அந்த ஆசனம்?" என்று நான் விடாமல் கேட்டேன்.

"அதுவும் எனக்குத் தெரியும்" என்றீர். திரும்பவும் வெங்காயத்தை எடுத்தீர். குளிர்காலம் வருமுன் நீர் போய்விட்டீர். அந்த ஆசனத்தில் உம்மை வென்றவர் இருக்கிறார். சட்டம் எழுதியபடியே இருக்கிறது. பிள்ளைகளும் உள்ளேயே இருக்கிறார்கள். இதை நான் உமக்கு மறைத்து என்ன பயன்?

இன்று பத்மாவின் மகனுடைய நினைவு நாள். நீர் இருந்தவரை எங்கிருந்தாலும் அவளுக்குத் தொலைபேசி எடுப்பீராம். நேற்று அவள் எடுத்துச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "அவவும் இல்லை. நீராவது வந்து ஏத்தும்" என்றாள். எடுத்துச் சொல்ல என் மகனும் இருக்கிறான்: "அம்மா, போறதெண்டால் போங்கோ. ஆனா படம் எடுக்க விடாதேங்கோ, பிறகு கரைச்சல்." அவன் பிழையாகச் சொல்லவில்லை. காலம் அப்படி.

உம்முடைய பொன்னாடையை மிதமான சூட்டில் அயர்ன் பண்ணினேன். சரிகை இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது. அவள் படம் வைக்கும் சின்ன மேசைக்கு விரிக்க அளவாக இருக்கும். பைக்குள் வைத்திருக்கிறேன். கிங்ஸ்பரியில் ரயில் ஏறி, வெஸ்ட் ஹாமில் மாறினால் பிளேஸ்டோ அடுத்த நிறுத்தம். உம்மோடு எனக்கிருந்த வாதம் தீரவில்லை. அதையும் கொண்டுதான் போகிறேன்.

ஆனால் அங்கே யாராவது படம் எடுத்தால் முகத்தைத் திருப்பமாட்டேன். சுடர் ஏற்றுமுன் அவனை ஒருமுறை நன்றாகப் பார்ப்பேன். பிறகு எவர் வந்து எந்தக் கதவைத் தட்டி இது யார் என்று கேட்டாலும் சொல்வேன்: நிமலன். பத்மாவின் மகன். எனக்குத் தெரியும்.