சுக்கானின் பட்டினி

பெயர் சொல்லி அழைத்தால் இன்னும் முன்னறையிலிருந்து வருவாய் என்று நான் எண்ணும் என் தம்பிக்கு,

நீ இறைவனடி சேர்ந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. துறைமுகத்து இழுவைப் படகு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அன்று நீ கொண்டுவந்து, சுக்கான் என்று பெயரிட்ட நாயைப் பற்றியே எழுதுகிறேன். அவன் உயிரோடு இருக்கிறான். இரண்டு பற்கள் போய்விட்டன. அதில் என் பிழையும் உண்டு.

முப்பத்தோராம் நாள் உன் அந்தியேட்டிக் கிரியை முடிந்த வாரம் அவன் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தான். வைரவருக்குச் சாத்திய வடைமாலையில் ஒரு வடையை வழக்கம்போல வைத்தேன். வாயில் எடுத்து, கீழே விட்டுவிட்டு, என்னைப் பார்த்தான். பிரிவாற்றாமை என்று கொண்டேன். பிரிந்த உயிர் உணவை வெறுப்பதைப் பாடாத புலவர் உண்டா? துக்கம் விசாரிக்க வந்தோரிடமெல்லாம் அதைச் சொன்னேன். அவர்கள் கண்கலங்கினர். உன்னை இழந்து தவிப்பது நான் ஒருத்தி மட்டும் இல்லை என்பது எனக்கும் ஆறுதலாயிருந்தது.

எதிர்வீட்டுப் பூமணி மட்டும் நம்பவில்லை.

"அக்கா, விரதம் பிடிக்கிற நாய் மீன்தலையைக் கண்டா ஏன் வாயால வீணி வடிக்குது? அதுக்குப் பசி. தின்ன ஏலாமல் கிடக்குது. வாய் நாறுறது உங்களுக்கு மணக்கேல்லையோ?"

"நாய்ட வாய் பின்னைப் பன்னீரோ மணக்கும்?" என்றேன். பூசை செய்பவள் என்று அவனை எட்டவே வைத்திருந்த எனக்கு எப்படித் தெரியும்?

அவளே ஓட்டோ பிடித்து எங்கள் இருவரையும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனாள். வைத்தியரான அந்த இளம்பெண் அவனுடைய உதட்டைத் தூக்கிக் காட்டினார். பற்களின் அடியில் மஞ்சளாய்க் காரை கல்போல் இறுகியிருந்தது. ஈறு சிவந்து வீங்கி, தொட்ட இடத்தில் இரத்தம் கசிந்தது.

"அம்மா, இது கவலை இல்லை, பல்நோ. வீட்டில பல்லுத் துலக்கிறனீங்களோ?"

"நாய்க்கோ?"

பூமணி சிரித்துவிட்டாள். "இவட தம்பியார் துலக்கிறவர், டொக்டர். காலமை கிணத்தடியில. அந்த நேரம் இவ சாமியறையில."

நீ படுக்கையில் கிடந்த ஓராண்டும் அது நின்றுபோயிருக்கிறது. ஏனடா எனக்குச் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் செய்திருப்பேனா?

மயக்க மருந்து கொடுத்துக் காரையைச் சுரண்டினார். ஆடிய இரு பற்களைப் பிடுங்கினார். "வயசு போன நாய். இன்னொருக்கா மயக்கிறது ஆபத்து. மிச்சப் பல்லு உங்கட கையிலதான்" என்றார்.

புண் ஆறியபின் தொடங்கினேன். சில நாள் உதட்டைத் தூக்கி விரலால் தொடுவதோடு நிறுத்தினேன். பிறகு விரலில் ஈரத்துணி சுற்றினேன். இப்போது மென்மையான தூரிகை. நம் பற்பசை ஆகாது; அவன் விழுங்கிவிடுவான், அது அவனுக்கு நஞ்சு. நாய்களுக்கென்றே ஒன்று விற்கிறது. நான் எடுத்துவைத்த உப்பையும் உமிக்கரியையும் வைத்தியர் வேண்டாமென்றார். பல்லும் ஈறும் சேரும் இடத்தில், வெளிப்புறமாக, சிறு வட்டங்களாகத் தேய்க்கிறேன். எலும்பை நிறுத்திவிட்டேன், பல் உடையுமாம்.

நாள்தோறும் முதலில் அவன் வாய், அடுத்து என் முழுக்கு, அதன்பின் விளக்கு. தம் வாகனமான நாய்க்காகச் சற்றுக் காத்திருப்பதில் வைரவர் குறை காணமாட்டார் என்று நம்புகிறேன்.

நேற்று இடப்புறக் கடைவாய்வரை விட்டான். உறுமினான், கடிக்கவில்லை. பிறகு சோறு முழுவதையும் தின்றான்.

என் துயரத்துக்குத் துணை வேண்டி, ஒரு வாயில்லாச் சீவனின் வலியை அன்பென்று ஊருக்குச் சொன்னேன், தம்பி. அவன் பசியோடு கேட்டுக்கொண்டு கிடந்தான். இனி அவன் உண்ண மறுத்தால் பொருள் சொல்ல மாட்டேன். வாயைத் திறந்து பார்ப்பேன். இது உன்மேல் ஆணை.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த,
அக்கா