ஆயர் தாவார் சிவப்பு ஒயின்

என் சரசுவுக்கு,

நாளைக்கு உனக்கு முதல் வருஷத் திதி. நம் மகள் தேவி அடுப்படியில் இஞ்சி உரித்துக்கொண்டிருக்கிறாள். கோழி வந்துவிட்டது, மீ சுவா சேமியா வந்துவிட்டது. "அப்பா, பாட்டி குடுத்த ஒயின மறக்காம எடுத்து வைங்க" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறாள். போத்தல் சாமி மேடைக்குக் கீழே நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது. காலையிலிருந்து அதைத் தொடாமல் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஏன் என்று உன்னிடம்தான் சொல்ல முடியும். உன்னிடம் சொல்லவே கூடாததும் அதுதான். தேவி மலாய்ப் பள்ளியில் படித்தவள், தமிழ் எழுத்து அவளுக்கு ஓடாது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். ஊரே படித்தாலும் பரவாயில்லை, அவள் படிக்காமல் இருந்தால் போதும்.

உனக்குத் தெரிந்த கதைதான், முதலிலிருந்து வருகிறேன். சுங்காய் ரப்பர்த் தோட்டத்துக் கூலி லயத்தில் என் அத்தை வீட்டுக்கு நீ கைக்குழந்தையாக வந்தாய். சைக்கிளில் வந்த ஒரு சீனத்தி உன்னை அத்தை கையில் கொடுத்தாள். புலி வருஷத்தில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாதாம். போகும்போது சிவப்பு ஒயின் ஒரு போத்தலை அத்தையின் காலடியில் வைத்துவிட்டுப் போனாள். அத்தை அதை முனியாண்டிக்கு ஊற்றிவிட்டு உனக்குச் சரஸ்வதி என்று பெயர் வைத்தாள். சாமிக்குச் சாராயம் ஊற்றிப் பழகிய கை, வேறு என்ன செய்யும்?

அத்தை மகளாக வளர்ந்ததால் நீ எனக்கு முறைப்பெண். "சீனப் புள்ளையா இருந்தா என்னலா, முறைன்னா முறைதான்" என்று என் அப்பா சொன்னதோடு நம் கல்யாணப் பேச்சு முடிந்தது. ஈப்போ கோப்பிக் கடையில் சீன முதலாளி தவுக்கே உன்னிடம் கண்டனீஸ் சீனத்தில் பேசுவான். நீ தலை நிறையப் பூவோடு நின்று, "அண்ணே, கோப்பி ஓ ரெண்டு, சீனி கொறச்சு" என்பாய். அவன் முகம் போகிற போக்கைப் பார்ப்பதற்காகவே உன்னை அங்கே கூட்டிப்போவேன்.

அத்தை இருந்தவரை நீ பெற்றவளைப் பற்றி வாய் திறக்கவில்லை. அத்தையின் கருமாதி முடிந்த பிறகுதான், "மச்சான், என்னப் பெத்தவ எந்த ஊருன்னு தெரிஞ்சா போதும்" என்றாய். நமக்கு இருந்த துப்பு அந்த ஒயின் மட்டும்தான். பீடோரில் என் லாரியைப் பழுதுபார்க்கும் சீனன்தான் விவரம் சொன்னான். சிவப்பு அரிசியில் ஒயின் போடுவது ஹொக்சியூ சீனர்களாம், அவர்கள் இருப்பது சித்தியவான் பக்கமாம். வீட்டில் ஒருத்தி மாசமாக இருந்தால் ஜாடியில் ஊறப் போட்டுவிடுவார்களாம். பிள்ளை பெற்ற உடம்புக்கு அதுதான் பத்தியம். அப்படியென்றால் உன் அம்மா தன் பத்தியத்தையும் உன்னோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

பிறகு எத்தனை பயணம்! லீவு கிடைத்தால் போதும், தேவியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவோம். லயத்தில் கேட்டால், "சும்மா சாப்பிடப் போறோம்" என்பாய். பீடோரில் கொய்யா வாங்குவோம். தெலுக் ஆன்சனில் சாய்ந்து நிற்கும் மணிக்கூண்டைப் பார்த்து, "கள்ளுக்கடையிலருந்து நீங்க வர்ற மாதிரியே நிக்கிது மச்சான்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வாய், நானும் ஒவ்வொரு முறையும் சிரிப்பேன். பேராக் ஆற்றைப் படகில் கடக்கும்போது மட்டும் என் சட்டையைப் பிடித்துக்கொள்வாய். தண்ணீர் என்றால் உனக்குப் பயம்.

சித்தியவானில் கொம்பியா சுடும் அடுப்புகளை உனக்கு நினைவிருக்கிறதா? மண் அடுப்பின் உள்பக்கச் சுவரில் அப்பத்தை ஒட்டிச் சுட்டு, வெங்காய வாசனையோடு எடுத்துத் தருவார்கள். அதைக் கடித்துக்கொண்டே கடை கடையாக மீ சுவா சாப்பிட்டோம். நூல் மாதிரி மெல்லிய சேமியா, கோழி, இஞ்சி, மேலே அந்தச் சிவப்பு ஒயின். முதல் கரண்டியிலேயே என் காது சூடாகிவிட்டது. கள்ளு வாசனை வந்தாலே மூக்கைப் பொத்துகிறவள், கிண்ணத்தைத் தூக்கி அடிவரை குடித்தாய். "என்னலா, குடிகாரி ஆயிட்டே?" என்றேன். "இது குடிக்கிறது இல்ல மச்சான், சாப்புடுறது" என்றாய்.

சாப்பிட்ட பிறகு கேட்போம். இங்கே யாராவது புலி வருஷத்தில் பெண் பிள்ளையைத் தமிழர்களுக்குக் கொடுத்தார்களா? சிலர் கையை வீசித் துரத்தினார்கள். சிலர் காசு கேட்க வந்திருக்கிறோம் என்று நினைத்தார்கள். ஒரு கடைக்காரி மட்டும், "கொடுக்காத வீடு எது என்று கேள்" என்றாள். அன்று திரும்பி வருகையில் படகில் நீ அழுதாய். ஆனால் அடுத்த லீவுக்கு நீதான் முதலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாய்.

இப்படிப் பல வருஷம் அலைந்த பிறகுதான் சித்தியவானை அடுத்த ஆயர் தாவாரில் அந்த வீட்டுக்குப் போனோம். ரப்பர்த் தோட்டத்தை ஒட்டிய ஒரு வரிசைப் பலகை வீடுகள், அதில் முதல் வீடு. வாசலில் ஒயின் ஜாடிகள். கதவைத் திறந்த வயதான அம்மாவுக்கு மலாய் வராது, மருமகள்தான் எடுத்துச் சொன்னாள். நாம் கேட்டதும் அந்த அம்மா உன்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பதில் சொல்லவில்லை. "சாப்பிட்டாயா?" என்று கேட்டார், அவ்வளவுதான். உன்னை உட்காரவைத்து, கோழி அடித்து, மீ சுவா ஆக்கி, இரண்டு முட்டை வைத்துக் கொண்டுவந்தார். நீ சாப்பிட்டு முடிக்கும்வரை உன் இடது கையைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. கிளம்பும்போது ஒரு போத்தல் ஒயினை எடுத்து உன் மடியில் வைத்தார்.

"இவுங்கதான் மச்சான். எனக்குத் தெரியும்" என்றாய் நீ வெளியே வந்ததும். எனக்கும் சந்தேகம் வரவில்லை. பெற்றவள் இல்லாமல் வேறு யார் அப்படித் தடவுவாள்? பக்கத்து வீட்டு வாசலிலும் ஜாடிகள் இருந்தன. அதைக் கடந்துதான் மோட்டார் சைக்கிளை எடுத்தோம். அந்தக் கதவை நாம் தட்டவில்லை.

சீனப் புது வருஷத்துக்கு வரவேண்டாம், மகன்களுக்குப் பிடிக்காது, தீபாவளிக்கு முந்தின வாரம் வந்தால் போதும் என்று மருமகள் சொன்னாள். அதன்படியே வருஷா வருஷம் முறுக்கோடு போனோம். ஒயினோடு திரும்பினோம். தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்து, ஈப்போ புந்தோங்கில் இந்த வாடகை வீட்டுக்கு வந்த வருஷம்கூட நீ போகாமல் இருக்கவில்லை. தேவி பெரியவளானபோது உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்தாய், கூடவே ஒயின் ஊற்றிய கோழியும் கொடுத்தாய். "எங்கம்மா வீட்டு மொற" என்று பக்கத்து வீட்டுக்காரிகளிடம் பெருமையாகச் சொன்னாய். உனக்கு அம்மா வீடு என்று ஒன்று வந்துவிட்டதில் உன் நடையே மாறிப்போயிருந்தது.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து, "அம்மாகிட்ட நீங்களே போயி சொல்லிருங்க மச்சான். யாரு மூலமாவும் தெரிய வேணாம்" என்றாய். எனக்கு உடனே போக மனம் வரவில்லை. மகள் செத்துவிட்டாள் என்று ஒரு கிழவியிடம் எந்த முகத்தோடு சொல்வது? நம் வழக்கப்படி தீபாவளிக்கு முந்தின வாரம்தான் போனேன்.

இப்போது ஆற்றுக்குப் பாலம் போட்டுவிட்டார்கள், சரசு. வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரத்தில் அக்கரைக்குப் போய்விடலாம். என் சட்டையைப் பிடிக்க யாரும் இல்லாததால் பாலத்தின் நடுவில் நின்று கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு போனேன்.

ஜாடிகள் எல்லாம் வீட்டுக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தன. உனக்கு முன்பே அந்த அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். நீ அந்தக் கட்டிலில் கிடந்தபோதே அவர் உயிரோடு இல்லை. நம் புந்தோங் விலாசம் அவர்களிடம் இல்லாததால் நமக்குத்தான் தெரியவில்லை. நான் உன் சேதியைச் சொன்னேன். மருமகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். அவளுடைய மலாயை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"அண்ணே, இனிமே மறைச்சு என்ன ஆவப்போவுது? ஒங்க வீட்டுக்காரம்மா எங்க மாமியாரு பெத்த புள்ள இல்ல."

அவளே தொடர்ந்தாள். அந்த அம்மாவும் ஒரு பெண்ணைக் கொடுத்தது உண்மைதானாம். மறு வருஷம் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்கப் போனபோது குழந்தை காய்ச்சலில் செத்து மாதக்கணக்காகியிருந்ததாம். "அதுக்கப்புறம் தேடிக்கிட்டு யாரு வந்தாலும் இல்லன்னு சொல்ல அவுங்களுக்கு வாய் வராது. ஆமான்னும் சொல்ல மாட்டாங்க. சாப்பாடு போடுவாங்க, கையத் தடவுவாங்க, ஒயின் குடுப்பாங்க. ஒங்களுக்குத் தீபாவளி வாரம். மலாய்க்காரங்க வளத்த புள்ளைக்கு நோன்புப் பெருநாளு முடிஞ்சு. ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கக் கூடாதுல்ல? சாவுக்குத்தான் எல்லாரும் ஒண்ணா வந்து நின்னாங்க. ஒவ்வொருத்தியும் தான்தான் மவன்னு அழுதா. எங்களுக்கு என்ன செய்யிறதுன்னே தெரியல."

உன்னைத் தவிர எல்லோரும் வந்திருந்தார்கள் போல.

பக்கத்து வீட்டைப் பற்றிக் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது. அங்கே இருந்தவர்கள் வீட்டை விற்றுவிட்டுப் போய் நாலைந்து வருஷமாம். கிழவி ஒருத்தி இருந்தாளாம், தைப்பிங்கா பினாங்கா எங்கே போனார்களோ தெரியாதாம். அவள் பெண் பிள்ளை கொடுத்தாளா என்று கேட்டேன். "கொடுத்திருப்பா. யாரு கொடுக்கல?" என்றாள்.

அந்த அம்மாவைத் திட்டவும் எனக்கு வழியில்லை, சரசு. கெட்டவளாக இருந்தால் திட்டலாம். அந்தக் கிண்ணத்தில் இருந்தது பாசம்தான், சத்தியமாகப் பாசம்தான். அதுதான் நம்மைக் கெடுத்தது. அன்று அவர் கதவைச் சாத்தியிருந்தால் நாம் அடுத்த வீட்டைத் தட்டியிருப்போம். அங்கேயும் இல்லையென்றால் அதற்கடுத்த வீட்டை. உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா? பெற்றவள் எங்கோ உயிரோடு இருந்த வருஷங்களில், நாம் வேறொருத்தி வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பியிருக்கிறோம்.

திரும்பும் வழியில் ஒரு கடையில் மீ சுவா வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இறங்கவில்லை. முறுக்குப் பையை மேசையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நீ சந்தோஷமாகத்தானே போனாய், அது போதாதா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். போதவில்லை. உன் சந்தோஷம் தப்பான வீட்டில் வைத்த சந்தோஷம். இனி சரிசெய்ய நீயும் இல்லை, உன்னைப் பெற்றவளும் இருக்கமாட்டாள். உன்னைச் சைக்கிளில் தூக்கி வந்தவள் கடைசிவரை வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தாளா? அல்லது அவளும் யாரோ ஒரு பெண்ணுக்குச் சோறு போட்டு மனதைத் தேற்றிக்கொண்டாளா?

செத்த பிறகு போய்ச் சேருகிற இடம் ஒன்று உண்டு என்று நீ நம்பினாய். எனக்கு அந்த நம்பிக்கை என்றும் கிடையாது, இப்போது சுத்தமாகப் போய்விட்டது. ஆனாலும் ஒருவேளை இருந்து தொலைத்தால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. நீ அந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, கையை நீட்டிக்கொண்டிருப்பாய். அதனால்தான் சொல்லிவிட்டேன். அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு எழுந்திரு, சரசு. இன்னொருத்தி இருக்கிறாள். உன்னைப் போலவே அவளுக்கும் தண்ணீர் என்றால் பயமாக இருக்கலாம். அதைத் தவிர எனக்கு வேறு அடையாளம் சொல்லத் தெரியவில்லை.

தேவியிடம் சொல்லமாட்டேன். அவளுக்காவது ஒரு பாட்டி இருந்துவிட்டுப் போகட்டும். நாளைக்கு உன் படத்துக்கு முன்னால் இரண்டு கிளாஸ் வைப்பேன். ஒன்று உனக்கு. இன்னொன்று யாருக்கு என்று கேட்பாள். பாட்டிக்கு என்பேன். அது பொய்யில்லை. எந்தப் பாட்டி என்று அவள் கேட்கப்போவதில்லை.

இதுதான் கடைசிப் போத்தல். நான் இருக்கும்வரை அந்த இரண்டாவது கிளாஸ் உன் பக்கத்தில் இருக்கும். ஒயின் தீர்ந்த வருஷத்திலிருந்து வெறும் தண்ணீர்தான்.

படகில் உனக்குச் சட்டையைக் கொடுத்த
உன் அத்தை வீட்டு மச்சான்