மேசைக் காலுக்கு அடியில்

ஈப்போ,
மலேசியா,
6 ஜூலை 2008

அன்புள்ள கமலுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று தொலைபேசியில் கேட்டால் "ம்" என்கிறீர்கள். அந்த "ம்"முக்கு ஒரு தொலைபேசி அட்டை முழுதும் தீர்ந்துபோகிறது. கடிதத்தில் "ம்" என்று மட்டும் எழுதி அனுப்ப உங்களுக்கே கூச்சமாக இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

கேள்விகள் நிறைய இருக்கின்றன. உங்கள் பயிற்சி அனுமதி அக்டோபர் கடைசியில் முடிகிறதே, முழு வேலை அனுமதிக்குக் கம்பெனி எழுதிப் போட்டதா? குரோய்டன் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனீர்களா? அந்தப் பெரிய கட்டடத்துக்குள் வெளிச்சம் வருமா? கட்டடக் கலை படித்தவர் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நம் வரைபட மேசை இன்னும் ஆடுகிறதா?

நான் இங்கே சமையலறை அலமாரிகள் வரைகிறேன். "லண்டன்ல படிச்ச பொண்ணுலா, கைப்பிடிய நீயே சொல்லு" என்கிறார் முதலாளி. உள் அலங்காரத்தில் முதுகலைப் பட்டம் வாங்கியது கைப்பிடி பொறுக்கத்தான் போலிருக்கிறது. "முதலில் நான் காலூன்றிக்கொள்கிறேன், பிறகு உன்னைக் கூப்பிடுகிறேன்" என்று சொல்லி என்னை விமானம் ஏற்றி ஒன்பது மாதம் ஆகிறது. கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளும் ஆவல்தான்.

உங்கள் மதி

*

ஸ்ட்ரெதம்,
லண்டன்,
17 ஜூலை 2008

அன்பு மதி,

குரோய்டன் போனேன். காலை ஏழு மணிக்கே வரிசை கட்டடத்தைச் சுற்றி வந்துவிட்டது. வெளிச்சம் உள்ளே நன்றாகத்தான் வருகிறது. ஆனால் எல்லாரும் எண் பலகையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்மணி கனிவாகவே சொன்னார்: முழு அனுமதியைக் கம்பெனிதான் கேட்க வேண்டும், அதுவும் உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். வேலை போன கட்டடக் கலைஞர்கள் இங்கே தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். மேலாளரைக் கேட்டால் "பார்க்கலாம்" என்கிறார்.

நான்கு மாதமாக ஒரு பள்ளிக்கூடத்தின் கதவுப் பட்டியல் தயாரிக்கிறேன். இருநூற்றுப் பன்னிரண்டு கதவுகள். எது எந்தப் பக்கம் திறக்கும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். இப்படி ஒருவனை நிறுத்திவிட மாட்டார்கள்.

மேசை ஆடுவதில்லை. ஒரு தடித்த உறையை மடித்துக் காலுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

வீட்டுக்கார இசபெல் அக்கா நேற்றும் பிடித்துக்கொண்டார். "தம்பி, மதிப்பிள்ளையை எப்ப கூப்பிடப்போறீர்? நீர் 'பொறுங்கோ, பொறுங்கோ' எண்டு சொல்லி எனக்கே களைச்சுப்போச்சு." நீயும் கொஞ்சம் பொறு.

உன் கமலநாதன்

*

ஈப்போ,
2 ஆகஸ்ட் 2008

அன்புள்ள கமலுக்கு,

நான் பொறுக்கவில்லை. மதிய உணவு நேரத்தில் கடைக் கணினியில் அந்த நாட்டு விசா விதிகளை எல்லாம் அச்செடுத்துப் படித்தேன். கைப்பிடிப் பட்டியலைவிட சுவாரசியமாக இருக்கிறது.

இந்த ஜூன் கடைசியில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. அங்கே பட்டம் வாங்கியவர்கள், வாங்கிய பன்னிரண்டு மாதத்துக்குள் விண்ணப்பித்தால் இரண்டு வருடம் எந்த வேலையும் பார்க்கலாம். கம்பெனியின் கடிதமே வேண்டாம். உங்கள் பட்டம் 2006இல் வாங்கியது. உங்களுக்கு அது பொருந்தாது. எனக்குப் பட்டம் கிடைத்தது போன நவம்பரில். எனக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது! நம்பாமல் மூன்று முறை படித்தேன்.

படிக்கப் படிக்க இன்னொன்றும் தெரிந்தது. இதற்கு முன்பே ஒரு வருடத்துக்கு இதேபோல் ஒரு திட்டம் இருந்திருக்கிறது. அதைப் பற்றிக் கல்லூரி எல்லாருக்கும் கடிதம் போட்டதாம். எனக்கு ஏன் வரவில்லை என்று இசபெல் அக்காவிடம் தொலைபேசியில் கேட்டேன்.

"ஓம் பிள்ளை, போன கார்த்திகையில உமக்கு ஒரு தடிச்ச கடிதம் வந்தது. தம்பியிட்டக் குடுத்தனான். அவர் அனுப்பேல்லையே?"

கமல், அந்தக் கடிதம் எங்கே? இந்த முறை இது ஒன்றுதான் கேள்வி.

மதி

*

ஸ்ட்ரெதம்,
16 ஆகஸ்ட் 2008

மதி,

மேசைக் காலுக்கு அடியில் இருக்கிறது.

உன் பெயருக்கு வந்ததை நான் பிரித்தேன். இரண்டு பக்கம் படித்தேன். நான் எட்டு மாதம் அலைந்து வாங்கிய பயிற்சி அனுமதியில் கம்பெனியைவிட்டு அசைய முடியாது. நீ ஒரு படிவம் போட்டால் எங்கே வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று அதில் இருந்தது. உனக்கு அவ்வளவு சுலபமாகக் கிடைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இதைவிட மேலான காரணம் ஒன்று இரண்டு நாளாகத் தேடுகிறேன், இல்லை. மறுநாள் அனுப்பலாம் என்று மேசைமேல் வைத்தேன். மேசை ஆடியது.

புதன்கிழமை கம்பெனி பதினொரு பேரை நிறுத்தியது. நானும் அதில் ஒருவன். கதவுப் பட்டியலை யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்டேன். அது யாருக்கும் தேவைப்படவில்லை. அக்டோபர் முடிவதற்குள் நான் கிளம்ப வேண்டும்.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

கமலநாதன்

*

ஈப்போ,
28 செப்டம்பர் 2008

கமல்,

ஆறு வாரம் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் ஒரே வசவு நான்கு பக்கத்துக்கு வந்தது. அதற்குத் தபால்தலை ஒரு கேடா என்று கிழித்துப்போட்டேன். இப்போதும் கோபம்தான். முதல் கடிதத்தில் செய்த மாதிரி ஆவல் என்று பூசி மெழுக மாட்டேன்.

வேலை போனதற்காக வருந்துகிறேன். அது வேறு.

விசா கிடைத்துவிட்டது. நேற்று கடப்பிதழில் ஒட்டி வந்தது. அக்டோபர் பதினொன்றாம் தேதி வருகிறேன். ஸ்ட்ரெதமுக்கு வரவில்லை. இசபெல் அக்காவின் தங்கை இம்மாகுலேற் மோர்டனில் இருக்கிறார், அவர் வீட்டில் ஓர் அறை சொல்லியாயிற்று.

என் விசாவைக் காட்டிக் கணவனைக் கூப்பிட்டுக்கொள்ளலாமாம். நீங்கள் ஊருக்குத் திரும்பி, இங்கிருந்து விண்ணப்பிக்க வேண்டும். படிவத்தில் உங்கள் பெயரை எழுதிவிட்டேன். நான் கையெழுத்து போட வேண்டிய இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன். கூப்பிடுவேன் என்று சொன்னவரை நான் கூப்பிடுவதா, வேண்டாமா? எனக்கே இன்னும் தெரியவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தால் தெரியுமோ என்னவோ.

அன்று மாலை ஐந்து மணிக்கு மோர்டன் ஸ்டேஷன் வாசலில் நில்லுங்கள். பூவெல்லாம் வேண்டாம். அந்த உறையை எடுத்துக்கொண்டு வாருங்கள். நீங்கள் இரண்டு பக்கம்தான் படித்தீர்கள். மூன்றாவது பக்கத்தில் என்ன இருந்தது என்று நான் படிக்க வேண்டும்.

மேசை ஆடினால் ஆடட்டும்.

வான்மதி