மேல்வாய்க் கடைவாய்ப் பல்

மார்ச் 3
வலப்பக்க மேல்வாயில் கடைசிப் பல் வலிக்கிறது. தண்ணீர் பட்டாலே உயிர் போகிறது. பதினான்காம் தேதி விலங்கியல் துறைத் தலைவர் பதவிக்கு நேர்காணல். இரண்டு முறை என்னைத் தாண்டிக்கொண்டு போனார்கள். இந்த முறை போட்டிக்கு நிற்பவன் எங்கள் துறையிலேயே இருக்கும் சோப்பு; பெயர் நான் வைத்தது. பாடம் படித்ததைவிடக் கல்லூரி முதல்வருக்குச் சோப்புப் போட்டதுதான் அதிகம். பல்லுக்கும் இப்போதுதான் நாள் கிடைத்ததா?

மார்ச் 5
பல் மருத்துவர் என் பழைய மாணவி. "சார், என்னைத் தெரியலையா? என் தவளைப் படத்தைக் கிழிச்சுப் போட்டீங்களே!" என்று சிரித்தாள். சிரிப்பா அது? பதினைந்து வருடம் பத்திரப்படுத்தி வைத்த கணக்கு.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "கெட்டுப்போனது கீழ்ப்பல்லு சார். வலிதான் மேல தெரியுது" என்றாள்.

"பல்லு யாருது? என்னுதா, உன்னுதா?"

"முகத்துக்கும் பல்லுக்கும் போற நரம்பு மூணு கிளையாப் பிரியுறதை நீங்கதானே சார் போர்டுல வரைஞ்சு காட்டுனீங்க? ஒரு கிளையில வலிச்சா இன்னொண்ணுல வலிக்குதுன்னு மூளை ஏமாந்துடும்னு..."

எனக்கே பாடம்! மேல்பல்லை எடு என்றேன்.

"நல்ல பல்லைப் பிடுங்க மாட்டேன் சார்."

கழுத்தில் கட்டியிருந்த துணியை உருவி எறிந்துவிட்டு வந்தேன்.

மார்ச் 7
பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கிழவர் பல் பிடுங்குகிறார். எக்ஸ்ரேயெல்லாம் கிடையாது. "எது?" என்றார். தொட்டுக் காட்டினேன். ஊசி மருந்து பிடிக்கும்வரை பொறுக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியில் முழங்காலை ஊன்றி இழுத்தார். மண்டைக்குள் ஏதோ முறிகிற சத்தம். கத்தினேன். வெளியே காத்திருந்தவர் எழுந்து போய்விட்டார். பல்லைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, "நல்ல உறுதியான பல்லுங்க" என்று பாராட்டு வேறு.

மனைவி கேட்கிறாள்: "அந்தப் பொண்ணு சொன்னதைக் கேட்டிருந்தா குடியா முழுகியிருக்கும்?"

மார்ச் 8
வலி போகவில்லை.

மார்ச் 9
பல்லை ஆய்வகத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சொத்தை இல்லை. கீறல்கூட இல்லை. இருபத்தாறு வருடமாக அந்த நரம்பை வரைகிறேன் — நான்!

அவளிடம் திரும்பிப் போவதா? செத்தாலும் மாட்டேன்.

மார்ச் 13
கன்னம் வீங்கிவிட்டது. கண்ணாடியில் எவனோ நிற்கிறான்.

மார்ச் 14
ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாய் ஒரு விரல் அகலம்தான் திறந்தது. துறையை எப்படி வளர்ப்பீர்கள் என்றார்கள். இரண்டு மாதமாகத் தயார் செய்த பதில். எச்சில்தான் வழிந்தது. "முடியலைன்னா விட்டுடுங்க சார்" என்றார் முதல்வர், அன்பாக. அந்த அன்பைத்தான் தாங்க முடியவில்லை. வெளியே சோப்பு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "பாத்துப் போங்க சார்." பாவி, நிஜமாகவே வருத்தப்பட்டான்.

மார்ச் 15
போனேன். மாணவியிடம்தான். வீக்கம் வடிய மாத்திரை கொடுத்திருக்கிறாள்.

மார்ச் 19
இன்று கீழ்ப்பல்லை எடுத்தாள். அதற்குமுன் மேலே இருந்த குழியை வெகுநேரம் பார்த்தாள். சொல்லேன், சொல்லித் தொலையேன் என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். "வலிச்சா கையைத் தூக்குங்க சார்" என்றதோடு சரி. வலிக்கவே இல்லை. பழி வாங்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மார்ச் 26
பதவி சோப்புக்கு.

ஜூன் 20
ஆய்வகத்துக்கு வந்த புதிய மாதிரிகளைப் பதிவேட்டில் ஏற்றும் நாள். ஒரு சின்னக் குப்பியை நானும் வைத்தேன். சீட்டில் எழுதினேன்: மனிதன், ஆண். மேல்வாய்க் கடைவாய்ப் பல். நோய் ஏதும் இல்லை.

துறைத் தலைவர் கையெழுத்திட வேண்டும். "இது ஏது?" என்றான் சோப்பு.

"ஒருத்தன் பிடிவாதமாப் பிடுங்கிக்கிட்டது, சார்."

அவன் என் கன்னத்தைப் பார்த்தான். கையெழுத்துப் போட்டான். அவனை நான் சார் என்றது இதுதான் முதல் தடவை.